எல்லா நோட்டிலும் ஒரே பசு

ஐந்தாம் வகுப்பு ஆங்கில காம்போசிஷன் நோட்டுகளை வரிசையாகப் புரட்டினால், வகுப்பிலுள்ள அத்தனை பிள்ளைகளுக்கும் ஒரே பசுதான். நான்கு கால், இரண்டு கொம்பு, ஒரு நீண்ட வால். பால் தருகிறது, அதோடு கட்டுரை முடிகிறது. ‘மை ஹவுஸ்’ என்று தலைப்புக் கொடுத்தால், ஒற்றை அறையில் ஆறு பேரோடு வசிக்கும் பிள்ளையும் வீட்டு வாசலில் அழகிய தோட்டம் போட்டுவிடுகிறது. எழுத்து நாலுகோட்டைத் தாண்டாது, பிழை அதிகம் இருக்காது, ‘குட்’ என்று சிவப்பு மையும் விழும். அந்தப் பிள்ளை யோசித்த ஒரு வரி மட்டும் அதில் இருக்காது. காரணம் கேட்டால், “அதுங்களுக்கு இங்கிலீஷ் வராதுங்க” என்பார்கள். அது பாதிக் காரணம்கூட இல்லை என்பது என் எண்ணம். எதைச் சொல்வது, எதை விடுவது, எதை முதலில் வைப்பது என்று முடிவெடுக்கும் வேலையை நாம் பிள்ளைகளிடம் கொடுப்பதே இல்லை. அதைக் கரும்பலகையும் கைடும் செய்துமுடித்துவிடுகின்றன. இத்தனைக்கும் அந்த வேலைக்கு ஆங்கிலம் தேவையே இல்லை. அதைத் தமிழில் செய்யலாம். தொடக்கப் பள்ளியில் தமிழில்தான் செய்ய வேண்டும்.

எழுதும்போது தலைக்குள் என்ன நடக்கிறது என்பதை ஆராய்ந்த லிண்டா ஃபிளவரும் ஜான் ஹேய்ஸும், எழுதுகிறவர்களை வாய்விட்டு யோசிக்கச் சொல்லிப் பதிவு செய்தார்கள். திட்டமிடுவதும் வாக்கியமாக்குவதும் திருத்துவதும் ஒன்றையொன்று குறுக்கிட்டபடியே நடக்கின்றன என்று 1981-ல் எழுதினார்கள். சிறுவர்களைக் கவனித்த கார்ல் பெரைட்டரும் மார்லீன் ஸ்கார்டமாலியாவும் 1987-ல் வந்த நூலில் இன்னொன்றைக் காட்டினார்கள். பிள்ளைகள் பெரும்பாலும் திட்டமிடுவதில்லை. நினைவுக்கு வந்ததை எழுதுகிறார்கள், எழுதிய வரி அடுத்ததை நினைவூட்டுகிறது, நினைவு வற்றியதும் நிறுத்திவிடுகிறார்கள். தாய்மொழியில் எழுதும் பிள்ளைக்கே இதுதான் நிலை. நம் பிள்ளைக்கோ அதே நேரத்தில் ஸ்பெல்லிங்கும் வேண்டும், வினைச்சொல்லின் காலமும் வேண்டும், தமிழில் கடைசியில் வரும் வினையை ஆங்கிலத்தில் நடுவில் கொண்டுவந்து வைக்கவும் வேண்டும். இவ்வளவையும் ஒன்றாகத் தூக்க முடியாமல் அது முதலில் கீழே போடுவது, சொல்ல வந்த விஷயத்தைத்தான். மனப்பாடம் அந்த இடத்தில் கைகொடுப்பதால்தான் பிள்ளைக்கும் ஆசிரியருக்கும் அது பிடித்துப்போகிறது.

தொடக்க வகுப்புகளில் எழுத்துப் பயிற்சி பற்றிய ஆய்வுகளை ஸ்டீவ் கிரஹாமும் சகாக்களும் 2012-ல் ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தார்கள். திட்டமிடவும் எழுதவும் திருத்தவும் தெளிவான வழிமுறைகளைக் கற்றுக்கொடுத்தபோது எழுத்தின் தரம் நன்றாக உயர்ந்திருந்தது. எழுதும் முன் குறிப்பெடுத்ததும் யோசனைகளைத் திரட்டியதும்கூடப் பலன் தந்திருந்தன. இலக்கணத்தைத் தனியாகக் கற்பித்ததற்கு மட்டும் நம்பத்தக்க பலன் தென்படவில்லை. இந்த ஆய்வுகள் பெரும்பாலும் ஆங்கிலம் புழங்கும் நாடுகளின் வகுப்பறைகளில் நடந்தவை, நம் வகுப்பறைக்கு அப்படியே பொருந்துமா என்று கேட்பது நியாயம். ஆனால் சுமை அதிகமுள்ள பிள்ளைக்குத்தான் அதைப் பிரித்துக் கொடுக்க வேண்டிய தேவையும் அதிகம்.

பல வீட்டுமொழிகளோடு பிள்ளைகள் பள்ளிக்கு வரும் சிங்கப்பூரில், ‘ஸ்டெல்லார்’ என்ற ஆங்கிலப் பாடத்திட்டம் கீழ்வகுப்புகளில் ஒரு வரிசையைப் பின்பற்றுகிறது. பெரிய எழுத்துப் புத்தகத்தை வகுப்பே சேர்ந்து படிக்கிறது. பிறகு எல்லோரும் சேர்ந்து ஏதாவது செய்துபார்த்து அதைப் பற்றிப் பேசுகிறார்கள். பிள்ளைகள் சொல்லச்சொல்ல ஆசிரியர் எழுத, ஒரு வகுப்புக் கட்டுரை உருவாகிறது. அதன் பிறகு குழுவாக எழுதுகிறார்கள். தனியாக எழுதுவது கடைசியில்தான் வருகிறது. நாம் முதல் நாளே கேட்பதை அவர்கள் இறுதிக் கட்டத்தில் கேட்கிறார்கள். அங்கேயும் எல்லாம் சொர்க்கமில்லை. ஆறாம் வகுப்பு முடிவில் வரும் பொதுத்தேர்வில் ஒரு தலைப்பும் மூன்று படங்களும் கொடுத்து 150 சொற்களுக்குக் குறையாமல் எழுதச் சொல்கிறார்கள். அதை நம்பி மாதிரிக் கட்டுரைப் புத்தகங்களும் டியூஷனும் ஜோராக நடக்கின்றன. தேர்வு நெருங்கினால் பசு எங்கும் திரும்பி வந்துவிடும்போல.

தமிழ்நாட்டு ஆசிரியர்களுக்குத் திட்டமிடும் கருவி புதிதல்ல. ‘படைப்பாற்றல் கல்வி’ என்ற கற்பித்தல் முறை வந்தபோது மனவரைபடம் வகுப்பறையின் அன்றாட வேலையானது. ஆனால் அது படித்த பாடத்தைச் சுருக்கும் வரைபடம். நடுவில் பாடத்தின் பெயர், சுற்றிலும் பாடத்தில் இருந்தவை. இனி எழுதப்போவதற்காக, பிள்ளையின் தலையில் இருப்பதைக் கொட்டும் வரைபடமாக அது மாறவில்லை. மாற்றுவது கடினமும் அல்ல. ‘மழை நாள்’ என்பது தலைப்பு என்று வைத்துக்கொள்வோம். முதல் பத்து நிமிடம் தமிழில் பேச்சு மட்டும். கூரை ஒழுகியது, தம்பியின் செருப்பு அடித்துக்கொண்டு போனது, கரண்ட் போனது, அம்மா வேலைக்குப் போகவில்லை என்று வந்து விழும். ஆசிரியர் எதையும் தள்ளாமல் ஓரிரு சொல்லாகப் பலகையில் போடுகிறார். அடுத்து ஒவ்வொரு பிள்ளையும் நான்கை மட்டும் தேர்ந்தெடுத்து எண் போட வேண்டும். கட்டுரையின் பாதி இந்த எண் போடுவதில்தான் இருக்கிறது. செருப்பில் தொடங்குகிற பிள்ளை ஒரு கதை சொல்லப்போகிறது. அம்மா வேலைக்குப் போகாததில் முடிக்கிற பிள்ளை வேறு ஏதோ சொல்லப்போகிறது. அதன் பிறகுதான் ஆங்கிலம். ‘ஒழுகுதுன்னா இங்கிலீஷ்ல என்ன சார்?’ என்று கேட்கும் பிள்ளைக்குக் கொடுக்கும் சொல், அதற்குத் தேவைப்பட்ட நேரத்தில் கிடைத்த சொல். அது மறக்காது.

தமிழில் யோசித்தால் ஆங்கிலம் தமிழ்வாசனை அடிக்கும் என்பார்கள். முழுத் தமிழ் வாக்கியங்களை எழுதி மொழிபெயர்க்கச் சொன்னால் நிச்சயம் அடிக்கும். அதனால்தான் திட்டம் ஓரிரு சொற்களோடு நிற்க வேண்டும், முதல் சில வாக்கியங்களை வகுப்பே சேர்ந்து ஆங்கிலத்தில் சொல்லிப்பார்க்க வேண்டும். பிள்ளைகளின் பன்மொழித் திறனை வகுப்பறையின் வளமாகப் பயன்படுத்தச் சொன்னது 2005-ம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு. ஆங்கில வழி வகுப்பில் தமிழ் பேசினால் குற்றம் என்று நினைப்பவர்கள் அதைப் படித்துப் பார்க்கலாம். மனப்பாடம் அறவே கூடாதா என்றால், அப்படிச் சொல்ல மாட்டேன். கேட்டுப் பழகிய வாக்கிய அமைப்புகள் இல்லாமல் யாரும் இரண்டாம் மொழியில் எழுதியதில்லை. வாக்கியங்களைக் கடன் வாங்கட்டும், விஷயத்தை வாங்கக் கூடாது.

நேரம் என்ற எதிர்ப்புதான் கனமானது. ஒரே ஆசிரியர் பல வகுப்புகளைச் சேர்த்து நடத்தும் பள்ளியில் இதற்கெல்லாம் பொழுது எங்கே என்ற கேள்விக்கு என்னிடம் மந்திரம் இல்லை. வாரம் ஒரு கட்டுரையை மாதம் இரண்டாகக் குறைக்கலாம். மூன்றாம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் ஒரே தலைப்பில் பேசலாம்; சின்னவர்கள் இரண்டு வரியும் பெரியவர்கள் எட்டு வரியும் எழுதலாம். எல்லாப் பிழையையும் சிவப்பில் வட்டமிடாமல், இந்த முறை வினையின் காலம் மட்டும் என்று வைத்துக்கொண்டால் திருத்தும் சுமை குறையும். இவையெல்லாம் ஓர் ஆசிரியர் தாமே செய்யக்கூடியவை. அவரால் தனியாகச் செய்ய முடியாதது ஒன்று உண்டு. பிழையில்லாத பசுவுக்கு முழு மதிப்பெண்ணும், பிழையோடு வந்த தம்பியின் செருப்புக்குப் பாதியும் கிடைக்கும்வரை எந்தப் பெற்றோரும் அவர் பக்கம் நிற்கமாட்டார்கள். வினாத்தாளிலேயே திட்டமிட அரைப்பக்கம் காலியாக விட்டு, அதற்கென்று சில மதிப்பெண்களைத் தனியாக வைத்தாலே போதும், கைடு போடுகிறவர்களுக்குத்தான் முதலில் தலைவலி ஆரம்பிக்கும்.