மிளகு மணமும் ஆய்வுக்கூட எதிர்ப்பொருளும்

கொச்சி நகரத்து மட்டாஞ்சேரி, மிளகு வாணிபத்துக்கு நெடுநாளாகப் பெயர் பெற்ற இடம். இந்திய மிளகு, நறுமணப் பொருள் வாணிபச் சங்கம் 1957-ஆம் ஆண்டில் அங்கே நிறுவப்பட்டது. மிளகின் எடையையும் ஈரத்தையும் கருவிகளால் அளந்துவிடலாம். மணத்தை மதிப்பிடவோ மனித மூக்கின் துணையும் வேண்டியிருக்கிறது. ஆனால் எல்லா மூக்குகளும் ஒரு தன்மையன அல்ல. மிளகுக்குரிய தனி மணத்தைத் தரும் 'ரோட்டண்டோன்' என்னும் பொருளை ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர் கண்டறிந்து 2008-இல் வெளியிட்டனர். அவர்களுடைய சோதனையில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர், அப்பொருளை நீரில் மிகுதியாகக் கலந்து கொடுத்தபோதும் அதன் மணத்தை உணரவில்லை. பிற மணங்களை நன்கு அறியும் ஒருவர் இதனை மட்டும் அறியாதிருத்தல் கூடும்.

மூக்கினுள் மேற்புறத்திலுள்ள மெல்லிய சவ்வில் மணம் அறியும் நரம்பணுக்கள் அமைந்துள்ளன. அவற்றின் மயிரிழை போன்ற நுனிகளில் 'மண ஏற்பிகள்' எனப்படும் புரதங்கள் இருக்கின்றன. இவற்றை உண்டாக்கும் மரபணுக்களை 1991-இல் எலியிடம் கண்டறிந்த லிண்டா பக், ரிச்சர்டு ஆக்செல் ஆகிய இருவருக்கும் 2004-இல் நோபெல் பரிசு அளிக்கப்பட்டது. மனிதரிடம் செயற்படும் இத்தகைய மரபணுக்கள் ஏறக்குறைய 400.

மரபணு இருப்பதனாலேயே அதற்குரிய புரதம் எந்த உயிரணுவில் எவ்விடத்தில் உள்ளது என்று தெரிந்துவிடாது. அதனைக் காட்டவல்ல கருவியே எதிர்ப்பொருள். நோய்க் கிருமியைப் பற்றிக்கொள்வதற்காக நமது இரத்தத்தில் தோன்றும் அதே வகைப் பொருள்தான் இது. ஏற்பியின் ஒரு சிறு துண்டினை ஆய்வுக்கூடத்தில் செய்து, முயலுக்கு ஊசி மூலம் ஏற்றுவர். சில வாரங்களில் அத்துண்டைப் பற்றும் எதிர்ப்பொருள் முயலின் இரத்தத்தில் உண்டாகும். அதைப் பிரித்தெடுத்துத் திசுவின் மெல்லிய சீவலின்மேல் இடுவர். பின்னர் ஒளிரும் சாயம் பிணைத்த இரண்டாம் எதிர்ப்பொருளைச் சேர்த்தால், ஏற்பி உள்ள இடம் நுண்ணோக்கியில் ஒளிரும்.

கேட்பதற்கு இஃது எளிதாகவே தோன்றுகிறது. இடர்ப்பாடு யாதெனில், மண ஏற்பிகள் உடன்பிறந்தார் முகம்போல் ஒன்றையொன்று ஒத்திருக்கின்றன. ஒன்றுக்கெனச் செய்த எதிர்ப்பொருள் மற்றொன்றையோ, தொடர்பே இல்லாத வேறொரு புரதத்தையோ பற்றிக்கொள்ளலாம். அப்போதும் ஒளி தோன்றும். பார்ப்பவர் ஏமாந்து போவார். சீசாவின்மேல் ஒட்டிய பெயர்ச்சீட்டு மட்டும் இதற்குச் சான்றாகாது.

ஆதலின் முதலில் எதிர்ப்பொருளையே சோதித்தல் வேண்டும். ஏற்பியின் மரபணுவைப் புகுத்திய உயிரணுக்களும் புகுத்தாதவையும் அருகருகே வைத்துப் பார்க்கப்படும். முன்னவை ஒளிர்ந்து பின்னவை இருண்டிருக்க வேண்டும். முயலுக்கு ஊசியிட்ட அதே துண்டை எதிர்ப்பொருளுடன் முன்கூட்டியே கலந்துவிட்டால் ஒளி மறைய வேண்டும். இவ்விரண்டாம் சோதனை மட்டும் போதாது. தவறான புரதத்தைப் பற்றும் எதிர்ப்பொருளும் இதில் தேறிவிடக்கூடும்.

வேறொரு வழியும் உண்டு. கண்ணில் ஒளியை உணரும் ரோடாப்சின் என்னும் புரதத்தின் சிறு நுனியை மண ஏற்பியோடு அடையாளமாக ஒட்டவைப்பர். நன்கு சோதித்தறிந்த எதிர்ப்பொருளால் அந்நுனியைத் தேடுவர். வளர்ப்பு உயிரணுக்களில் இம்முறை பெரிதும் பயன்படுகிறது. மனித மூக்கிலிருந்து எடுத்த திசுவில் அத்தகைய அடையாளம் ஏது? அங்கே ஏற்பிக்கே உரிய எதிர்ப்பொருள்தான் வேண்டும்.

மூக்குக்கு வெளியேயும் மண ஏற்பிகள் இருப்பதாகச் செய்திகள் வருகின்றன. மனித விந்தணுவில் ஒன்று செயற்படுவதாக 2003-இல் வெளியான ஆராய்ச்சி பலரும் அறிந்தது. இத்தகைய செய்தியை வகுப்பில் எடுத்துரைக்கும் ஆசிரியர், எதிர்ப்பொருளின் ஒளியோடு ஆராய்ச்சியாளர் நின்றுவிட்டனரா, மரபணுவின் செயலையும் மணப்பொருளுக்கு அவ்வுயிரணு காட்டிய விளைவையும் சேர்த்துப் பார்த்தனரா என்று முதலில் கவனித்தல் நலம்.