மாவீரர்கள் யார் வீட்டுப் பிள்ளைகள்?

அமெரிக்காவின் வால்ட் டிஸ்னி நிறுவனம், டுவென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் படநிறுவனத்தையும் அதைச் சேர்ந்த தொலைக்காட்சிச் சொத்துகளையும் வாங்கப்போவதாக 2017 டிசம்பர் 14ஆம் நாள் அறிவித்தது. பொதுவாக இத்தகைய செய்தி பங்குச்சந்தைப் பக்கத்தோடு முடிந்துவிடும். அன்று அப்படி முடியவில்லை. சூப்பர் ஹீரோ படங்களின் ரசிகர்கள் அதை ஒரு திருவிழாவாகவே கொண்டாடினார்கள். வுல்வரின் வீடு திரும்புகிறார், எக்ஸ்-மென் குழுவும் அவெஞ்சர்ஸ் குழுவும் இனி ஒரே படத்தில் நிற்கலாம் என்பதே அவர்களின் பேச்சாக இருந்தது.

ஒரு பெரிய நிறுவனம் இன்னொரு பெரிய நிறுவனத்தை விழுங்குவதைப் பார்த்துச் சீட்டு வாங்கிப் படம் பார்ப்பவர் மகிழ்வது விசித்திரம்தான். ஆனால் அந்த மகிழ்ச்சிக்குக் காரணம் இல்லாமல் இல்லை.

மார்வல் என்பது அடிப்படையில் ஒரு சித்திரக்கதைப் பதிப்பகம். 1996 டிசம்பரில் அது நொடித்துப்போய் நீதிமன்றப் பாதுகாப்பை நாடியது. அந்தக் காலகட்டத்தில் கையில் காசு வேண்டும் என்பதற்காகத் தன் கதாபாத்திரங்களின் திரைப்பட உரிமைகளை ஆளுக்கொன்றாகக் கொடுத்திருந்தது. எக்ஸ்-மென் ஃபாக்ஸிடம் போனது. 1999இல் ஸ்பைடர்மேன் சோனியிடம் போனார். இவை முழு விற்பனை அல்ல. நிலத்தைக் குத்தகைக்கு விடுவதைப் போன்றவை. குறிப்பிட்ட ஆண்டுகளுக்குள் படம் எடுக்காவிட்டால் உரிமை மார்வலுக்கே திரும்பிவிடும். குத்தகைக்காரர் நிலத்தைத் தரிசாகப் போடுவாரா? கதை இருக்கிறதோ இல்லையோ, படம் வந்துகொண்டே இருந்ததற்கும், ஸ்பைடர்மேன் கதை 2002இல் ஒருமுறையும் 2012இல் மறுமுறையும் முதலிலிருந்து சொல்லப்பட்டதற்கும் இந்த நிபந்தனைக்கும் தொடர்பு உண்டு.

மிஞ்சிய கதாபாத்திரங்களை வைத்துக்கொண்டு மார்வல் 2005இல் ஒரு துணிச்சலான காரியம் செய்தது. அவற்றின் திரைப்பட உரிமைகளையே அடமானம் வைத்து, மெரில் லிஞ்ச் ஏற்பாட்டில் 525 மில்லியன் அமெரிக்க டாலர் கடன் பெற்றுச் சொந்தமாகப் படம் எடுக்கக் கிளம்பியது. 2008இல் 'அயர்ன் மேன்' வென்றது. மறு ஆண்டே டிஸ்னி சுமார் 4 பில்லியன் டாலருக்கு மார்வலை வாங்க முன்வந்தது. ஆக, ஒரே பதிப்பகத்தில் பிறந்த பிள்ளைகள் மூன்று வீடுகளில் வளர்ந்தார்கள். ஒருவரை ஒருவர் பெயர் சொல்லிக்கூட அழைக்க முடியாத நிலை. ரசிகர்களின் ஏக்கம் அங்கே பிறந்தது.

டிஸ்னிக்கு அந்த ஏக்கம் ஒரு பொருட்டாக இருந்திருக்குமா என்பது வேறு விஷயம். அதன் கண் நெட்பிளிக்ஸ் மீது இருந்தது. 2007இல் நெட்பிளிக்ஸ் இணையவழிப் படச்சேவையைத் தொடங்கியபோது, ஹாலிவுட் நிறுவனங்கள் உபரி வருமானம் என்று நினைத்துத் தங்கள் படங்களை அதற்குக் கொடுத்தன. பத்தாண்டில் அந்த வாடிக்கையாளரே போட்டியாளராக வளர்ந்து நின்றார். 2017 ஆகஸ்டில் டிஸ்னி, இனித் தன் படங்களை நெட்பிளிக்ஸுக்குத் தரப்போவதில்லை, சொந்தக் கடை திறக்கப்போகிறோம் என்று அறிவித்தது. கடை திறந்தால் அலமாரி நிறையச் சரக்கு வேண்டுமே! அந்தச் சரக்கு ஃபாக்ஸிடம் இருந்தது. கொம்காஸ்ட் நிறுவனம் 65 பில்லியன் டாலர் தருவதாகக் குறுக்கே வந்தது. டிஸ்னி 71.3 பில்லியனுக்கு உயர்த்தியது. 2019 மார்ச் 20இல் கைமாற்றம் முடிந்தது. ஹாலிவுட்டின் ஆறு பெரிய படநிறுவனங்கள் ஐந்தாயின.

தமிழர்கள் பலர் கவனிக்காத ஒன்றும் இதில் உண்டு. ஃபாக்ஸின் சொத்துகளில் ஸ்டார் இந்தியாவும் ஒன்று. அதற்குள் விஜய் தொலைக்காட்சி இருந்தது. வுல்வரினும் நம் வீட்டில் மாலைநேரம் ஓடிய தொடர்களும் ஒரே பத்திரத்தில் கைமாறின.

அதன் பிறகு நடந்ததென்ன? 2019 நவம்பர் 12இல் டிஸ்னி பிளஸ் அமெரிக்காவில் மாதம் 6.99 டாலருக்குத் தொடங்கியது. மலிவுதான். ஆனால் கூட்டத்தைச் சேர்க்கும் வரைதான் அந்த விலை. 2025 அக்டோபரில் விளம்பரமில்லாத அதே சேவைக்கு மாதம் 18.99 டாலர். தென்கிழக்காசியாவில் ஃபாக்ஸ், ஃபாக்ஸ் மூவிஸ், ஃபாக்ஸ் ஸ்போர்ட்ஸ் முதலான 18 ஒளிவழிகள் 2021 அக்டோபர் 1ஆம் தேதியோடு மூடப்பட்டன. மலேசியாவுக்கு அதே ஆண்டு ஜூனிலும் சிங்கப்பூருக்குப் பிப்ரவரியிலும் புதிய சேவை வந்துவிட்டிருந்தது. கட்டணத் தொலைக்காட்சியில் அந்தப் படங்களைப் பார்த்தவர்கள் இன்னொரு சந்தாவும் கட்ட வேண்டியதாயிற்று.

ரசிகர்கள் கேட்டதும் கிடைக்காமல் போகவில்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும். 2024இல் வந்த 'டெட்பூல் அண்ட் வுல்வரின்' உலகெங்கும் 1.3 பில்லியன் டாலருக்கு மேல் வசூலித்தது. இரண்டு வீடுகள் ஒன்றாகாமல் அந்தப் படம் இல்லை. அதே வேளையில், சந்தாதாரரைப் பிடித்து வைக்க 2021 முதல் மார்வல் தொடர்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்தன. ஒரு படம் புரிய மூன்று தொடர்கள் பார்த்திருக்க வேண்டும் என்றால் சாதாரண மனிதர் என்ன செய்வார்? அளவுக்கு அதிகமானதால் கவனம் சிதறியது என்று டிஸ்னியின் தலைவர் பாப் ஐகரே 2023இல் ஒப்புக்கொண்டார். அந்த ஆண்டு நவம்பரில் வெளியான 'த மார்வல்ஸ்' அதுவரை வந்த மார்வல் ஸ்டுடியோஸ் படங்களிலேயே குறைந்த வசூலைக் கண்டது.

இந்த விஷயத்தின் கசப்பான பக்கம் மார்வலில் இல்லை; எதிர்முகாமில், பேட்மேனும் சூப்பர்மேனும் வாழும் வார்னர் வீட்டில் இருக்கிறது. அந்த வீட்டுக்கு உரிமையாளர் மாறிக்கொண்டே இருக்கிறார். 2018இல் தொலைபேசி நிறுவனமான ஏடி அண்ட் டி அதை வாங்கியது. 2020இல் எச்பிஓ மேக்ஸ் சேவையைத் தொடங்கியபோது அதற்கு ஆட்கள் தேவைப்பட்டார்கள். 2017இல் வந்த 'ஜஸ்டிஸ் லீக்' படத்தை இயக்குநர் ஜாக் ஸ்னைடர் எடுக்க நினைத்தபடியே வெளியிட வேண்டும் என்று ரசிகர்கள் ஆண்டுக்கணக்கில் குரல் கொடுத்துவந்தார்கள். நிறுவனம் இசைந்தது, 2021 மார்ச்சில் நான்கு மணிநேரப் படமாக அது வந்தது. ரசிகர்கள் வென்றதாக எழுதினார்கள்.

2022 ஏப்ரலில் அதே வீடு டிஸ்கவரி நிறுவனத்தோடு இணைந்தது. ஆகஸ்டில் 'பேட்கேர்ள்' படம் வெளிவராது என்று அறிவிக்கப்பட்டது. சுமார் 90 மில்லியன் டாலர் செலவு என்று சொல்லப்பட்டது, படப்பிடிப்பு முடிந்திருந்தது. வெளியிட்டு வரும் வருமானத்தைவிட, நட்டமாகக் கணக்கெழுதி வரியில் கழித்துக்கொள்வது மேல் என்று புதிய நிர்வாகம் கணக்குப் போட்டதாகச் செய்திகள் வந்தன. நடித்தவர்களின் உழைப்பும் இயக்கிய இருவரின் உழைப்பும் பெட்டிக்குள் போயின. அதற்கும் ரசிகர்கள் குரல் கொடுத்தார்கள். இம்முறை கேட்க யாருக்கும் தேவை இருக்கவில்லை.

படைத்தவர்களுக்கும் இது புதிதல்ல. ஜெர்ரி சீகலும் ஜோ ஷூஸ்டரும் 1938இல் சூப்பர்மேனின் உரிமையை 130 டாலருக்கு எழுதிக் கொடுத்தவர்கள்.

டிஸ்னி வாங்கிய ஸ்டார் இந்தியாவோ அதன் கையில் தங்கவில்லை. 2024 நவம்பரில் அது ரிலையன்ஸ் குழுமத்தின் பொறுப்பில் ஜியோஸ்டார் என்ற கூட்டு நிறுவனத்துக்குள் போனது, விஜய் தொலைக்காட்சியும் உடன் போனது. வார்னர் வீடு 2025 இறுதியில் மறுபடியும் விலைக்கு வந்து நின்றது. கேட்டு வந்தவர்களில் ஒருவர் நெட்பிளிக்ஸ், மற்றவர் பாரமவுண்ட். பேட்மேன் யாரிடம் போனால் நல்லது என்று ரசிகர்கள் இம்முறையும் அணி பிரிந்து வாதாடினார்கள்.