துருவத்தில் இறங்கும் காற்று

வடதுருவத்து ஆகாயம் திடீரென்று உஷ்ணமடைந்தால் பெங்களூரில் வாழும் நமக்கு அதனால் என்ன என்று மல்லேசுவரத்து வாசகர் ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்விதான்.

குளிர்காலத்தில் துருவத்தை வளைத்துச் சுழலும் அடுக்குமண்டலப் பெருங்காற்று, மலைத்தொடர்களாலும் நிலத்துக்கும் கடலுக்கும் உள்ள உஷ்ண பேதத்தாலும் எழும் பிரம்மாண்டமான அலைகள் மேலேறி வந்து தாக்கும்போது தளர்ந்து, 2009 ஜனவரியில் நேர்ந்ததுபோல் சில வேளை இரண்டாகவே பிளந்துபோகிறது. அடுத்த சில தினங்களுக்குள் அங்கே வெப்பம் பல பத்து டிகிரி ஏறிவிடுகிறது. 1952-இல் பெர்லினிலிருந்து பலூன்களை ஏவி இதை முதன்முதலாகக் கண்டவர் ரிச்சர்ட் ஷெர்ஹாக்.

சூரியனே தலைகாட்டாத துருவ இரவில் இந்த உஷ்ணம் எங்கிருந்து வருகிறது? காற்று கீழிறங்குவதால் வருகிறது. இறங்கும் காற்று, அழுத்தம் மிகுந்த இடத்தை அடைந்து நெருக்குண்டு சூடேறுகிறது. சிறுவயதில் சைக்கிளுக்குக் காற்றடித்துவிட்டுப் பம்பின் அடிப்பாகத்தைத் தொட்டு விரலைச் சுட்டுக்கொண்டபோது நான் அறிந்த தர்மமும் இதுவே. எனக்குத் தீராத வியப்பைத் தருவது அந்த இறக்கத்தின் நிதானம். விநாடிக்கு ஒரே ஒரு சென்டிமீட்டர் இறங்கினாலும் ஒரு நாளில் ஏறக்குறைய 860 மீட்டர் ஆகிறது. கிலோமீட்டருக்குச் சுமார் 10 டிகிரி வீதம் கணக்கிட்டால், ஐந்தே நாளில் 40 டிகிரிக்கு மேல் உஷ்ணம் கூடிவிடுகிறது.

அங்கே இறங்கும் காற்றுக்கு ஈடாக, நம் தலைக்கு மேலுள்ள அடுக்குமண்டலத்தில் காற்று மெல்ல எழுந்து, விரிந்து, குளிர்கிறது. பரப்பு மிகப் பெரிது ஆதலால் குளிர்ச்சி சில டிகிரியோடு நின்றுவிடுகிறது. அதற்கும் மேலே, சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில் பகலில் கிழக்கு நோக்கி ஓடும் மின்னோட்டம், இத்தகைய நாட்களில் பிற்பகலில் திசை மாறி ஓடுவதைத் திருநெல்வேலியில் உள்ள காந்தமானிகளே காட்டியிருக்கின்றன. வாசகருக்கு இதுவே விடை.

இந்தத் துருவக் காற்று தளர்ந்து அமெரிக்க நகரம் ஒன்று பனியில் உறைந்தால் பக்கம் பக்கமாக எழுதும் நம் பத்திரிகைகள், திருப்பதிக்கு அருகே காதங்கியில், 130 மீட்டர் சதுரத்தில் 1024 ஜோடி யாகி ஆண்டெனாக்களை நிறுத்தி, காற்று ஏறுவதையும் இறங்குவதையும் நேராகவே அளந்துவரும் நமது ராடாரைப் பற்றி ஒரு வரியும் எழுதக் காணோம். செயற்கைக்கோள் கட்டும் ஊர் என்று பெருமை பேசும் பெங்களூரின் ஆசிரியர்கள், பிள்ளைகளை உல்லாசப் பயணம் கூட்டிச் செல்லும்போது, அனுமதி கேட்டு ஒரு முறையாவது அந்த ஆண்டெனாத் தோட்டத்தையும் காட்டிவர வேண்டும்.