சுவருக்கு அப்பால் ஒரு நோயாளி இருக்கிறார்

இதய அறுவைச் சிகிச்சை முடிந்து நாவலூரில் உள்ள தம் வீட்டிற்குத் திரும்பவிருந்த ஒரு பெரியவருக்கு, வீட்டில் பின்பற்ற வேண்டியவற்றை எடுத்துரைத்துக்கொண்டிருந்தோம். மாத்திரை, உப்பு, நடைப்பயிற்சி என அனைத்தையும் கேட்டுக் குறித்துக்கொண்ட அவர்தம் மனைவி, இறுதியில் ஒன்று கேட்டார்: “டாக்டர், இன்னும் பத்து நாளில் தீபாவளி. பட்டாசுச் சத்தத்துக்கு என்ன செய்வது?”

சன்னல்களை மூடிவையுங்கள் என்றோம். அவர் தலையசைத்துவிட்டு, “எதிர்வீட்டில்தான் வெடிப்பார்கள். இவருக்கு நெஞ்சுவலி வந்த இரவில் ஆம்புலன்ஸ் வரும்வரை இவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவர் அந்த வீட்டுக்காரர். அவரிடம் போய் வெடிக்காதீர்கள் என்று எந்த வாயால் சொல்வது?” என்றார்.

எங்களிடம் அதற்கு ஆயத்தமான விடை இல்லை. ஆண்டுதோறும் பல குடும்பங்களை வருத்தும் கேள்வி இது என்பதை அன்றுதான் உணர்ந்தோம்.

வெடியோசை உடலில் செய்வது என்ன?

திடீரெனக் கேட்கும் பேரோசையை உடல் ஆபத்தின் அறிகுறியாகவே கொள்கிறது. அட்ரினலின் சுரக்கிறது, இதயத் துடிப்பு விரைகிறது, இரத்த அழுத்தம் உயர்கிறது. நலமுடையோர்க்குச் சில நொடிகளில் இது தணிந்துவிடும். இதய நோயாளிகள், அண்மையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டோர், பச்சிளங்குழந்தைகள், மறதி நோயுற்ற முதியோர் ஆகியோர்க்கு அது எளிதன்று. வலிப்பு நோயாளிகளுக்கு உறக்கம் கெடுவதே வலிப்பைத் தூண்டக்கூடும். ஆஸ்துமா உள்ளோரை ஓசையைவிடப் புகையே மிகுதியாகத் தாக்கும்.

எதிர்பாராத ஓசைதான் நோயாளியை மிகுதியாக அதிரச் செய்கிறது. இத்தனை மணிக்குத் தொடங்கும், இத்தனை மணிக்கு முடியும் என்று அறிந்திருந்தால் மனமும் உடலும் ஓரளவு ஆயத்தமாகின்றன. ஆகவே, ஓசையை முற்றிலும் தடுக்க இயலாவிடினும், அதன் நேரத்தை அறிந்துகொள்வதே நோயாளிக்குப் பாதி மருந்து.

சட்டம் வகுத்த எல்லை

இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஓசை எழுப்பும் பட்டாசுகளை வெடிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2005-ஆம் ஆண்டிலேயே ஆணையிட்டது. 2018-இல் வழங்கிய தீர்ப்பில், தீபாவளியன்று வெடிக்கும் நேரத்தை இரண்டு மணி நேரமாகச் சுருக்கி, சரவெடிகளுக்கும் தடை விதித்தது. அதனையொட்டித் தமிழ்நாடு அரசு காலை 6 முதல் 7 மணி வரையும், இரவு 7 முதல் 8 மணி வரையும் என நேரம் வகுத்தது. வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தொலைவில் 125 டெசிபலுக்கு மேல் ஒலிக்கும் வெடிகளுக்கு அனுமதியில்லை. மருத்துவமனைகளைச் சுற்றி 100 மீட்டர் வரையிலான பகுதி அமைதி மண்டலமாகும்.

குடியிருப்புப் பகுதியில் பகற்பொழுதுக்கு விதிக்கப்பட்ட ஒலி வரம்பு 55 டெசிபல். ஒவ்வொரு 10 டெசிபலுக்கும் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகிறது. நாவலூர் போன்ற இடங்களில் அடுக்குமாடிகள் எதிரெதிரே நிற்பதால், நடுவில் வெடிக்கும் ஒரு வெடியின் ஓசை சுவர்களில் மோதித் திரும்பி, மேல்தளத்துப் படுக்கையறை வரை எட்டுகிறது.

எவ்வாறு சொல்வது?

அயலாரில் பெரும்பாலோர் இரக்கமற்றவர் அல்லர், அறியாதவர். சுவருக்கு அப்பால் ஒருவர் நோயுற்றுப் படுத்திருப்பதை அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. வெடி வெடித்துக்கொண்டிருக்கும்போது சென்று கடிந்தால், பிள்ளைகளின் முன்னிலையில் அது பூசலாகவே முடியும். பண்டிகைக்கு ஒரு வாரம் முன்பு, பட்டாசு வாங்குவதற்கு முன்னரே, நேரில் சென்று பேசுங்கள். தடை கேட்க வேண்டா, உதவி கேளுங்கள்.

“அண்ணே, இவருக்கு ஆபரேஷன் ஆகி மூணு வாரம்தான் ஆகுது. பிள்ளைங்க மத்தாப்பு, புஸ்வாணம் எல்லாம் கொளுத்தட்டும். வெடி மட்டும் கொஞ்சம் தள்ளிப் போய் வெடிச்சா எங்களுக்குப் பெரிய உதவி. எப்போ தொடங்குவீங்கன்னு சொன்னா, இவரை உள்ரூமுக்கு மாத்திடுவோம்.”

இவ்வளவு போதும். குடியிருப்போர் சங்கம் இருப்பின், கார் நிறுத்துமிடத்திற்கு அப்பாலோ திறந்த வெளியிலோ ஒரு பொது இடத்தை ஒதுக்குமாறு செயலாளரிடம் கேட்கலாம். சொல்லியும் கேளாதவர்கள் சிலர் இருப்பர். இரவு 10 மணிக்கு மேலும் தொடருமாயின், 100 அல்லது 112 என்ற எண்ணில் காவல்துறையை அழைக்க உங்களுக்கு உரிமை உண்டு. எனினும் அது இறுதிப் படியாகவே இருக்கட்டும்.

பறவைகளுக்காகக் காத்த அமைதி

பிறர்பொருட்டு வெடியைத் தவிர்ப்பது நம் மண்ணுக்குப் புதிதன்று. சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டி மக்கள், கண்மாயில் கூடுகட்டும் பறவைகள் அஞ்சிவிடும் என்று பல்லாண்டுகளாகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. அதனைப் பாராட்டி வனத்துறையினர் அவர்களுக்கு இனிப்பு வழங்குவதுண்டு. நம் செங்கல்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கலிலோ, ஏரிப் பறவைகளைத் துப்பாக்கியால் சுடுவதைத் தடுக்க வேண்டுமென்று ஊர்மக்கள் முறையிட்டதன் பயனாக, 1798-இலேயே அவற்றைக் காக்கும் உரிமை ஆணையாகக் கிடைத்தது. அவர்களும் வாய்திறந்து கேட்டதனால்தான் பெற்றார்கள்.

வீட்டில் செய்ய வேண்டியவை

தெருவிலிருந்து மிகத் தள்ளியுள்ள அறையில் நோயாளியைத் தங்கவையுங்கள். வெடிக்கும் நேரத்தில் சன்னல்களை மூடித் திரையிட்டு, அவர் விரும்பும் பாடலை மெல்ல ஒலிக்கவிடுங்கள். பெரியவர்கள் மருந்துக் கடையில் கிடைக்கும் நுரைக் காதடைப்பான்களைப் பயன்படுத்தலாம்; கைக்குழந்தைகளின் காதில் எதனையும் திணிக்கக் கூடாது. மறதி நோயுற்றோர் அச்சத்தில் வெளியேறிவிடக்கூடும். ஒருவர் அருகிலேயே இருக்க வேண்டும். ஆஸ்துமா நோயாளிகள் அன்றாட இன்ஹேலரை நிறுத்தாமல், விரைந்து நிவாரணம் தரும் இன்ஹேலரையும் கையருகே வைத்திருக்க வேண்டும். மருத்துவரைக் கேளாமல் தூக்க மாத்திரை கொடுப்பது ஆபத்து.

நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், ஐந்து நிமிடத்திற்கு மேல் நீடிக்கும் வலிப்பு ஆகியவற்றிற்கு உடனே 108-ஐ அழையுங்கள். திருநாளாயிற்றே என்று விடியும்வரை காத்திருக்க வேண்டா. வெடிக்குப் பின் காது இரைச்சலோ மந்தமோ மறுநாளும் நீடித்தால், காது மூக்கு தொண்டை மருத்துவரைத் தாமதமின்றிக் காணுங்கள்.

தீபாவளி முடிந்து மறுபரிசோதனைக்கு வந்தபோது அந்த அம்மையார் நடந்ததைச் சொன்னார். எதிர்வீட்டுக்காரர் கேட்டதும் வருந்தி, “இதை முன்னாடியே சொல்லக் கூடாதாம்மா?” என்றாராம். அன்றிரவு 7 மணிக்குப் பிள்ளைகளைப் பின்புறத் திடலுக்கு அழைத்துச் சென்று, அரைமணியில் முடித்துக்கொண்டாராம். அடுத்த தெருவிலிருந்து ஓசை வராமல் இல்லை. பெரியவர் இருமுறை திடுக்கிட்டுத்தான் போனார். ஆயினும் அன்றிரவு உறங்கினார்.

இப்போது, பண்டிகைக் காலத்தில் வீடு திரும்பும் நோயாளிகளுக்கு நாங்கள் தரும் அறிவுரைகளில் மாத்திரை, உப்பு ஆகியவற்றிற்குப் பின் ஒரு வரி கூடியிருக்கிறது: “அயலாரிடம் முன்னதாகவே சொல்லிவையுங்கள்.”