சம்மதம் நோயாளியுடையது

ஹைதராபாத் கச்சிபௌலியில் உள்ள ஐஐஐடி ஆய்வாளர்கள் 2024-ல் குரல் இழந்தவர்கள் பேச ஒரு வழியைக் காட்டினார்கள். காதுக்குப் பின்னால் ஸ்டெதஸ்கோப்பை ஒட்டிக்கொண்டு சத்தம் வராமல் முணுமுணுத்தால், தோலின் அதிர்வைக் கணினி பேச்சாக மாற்றித் தருகிறது. மண்டையைத் திறக்க வேண்டியதில்லை. ஆனால் நாக்கும் உதடும் ஓரளவாவது அசைய வேண்டும்.

அந்த அசைவும் இல்லாமல் போனவர்களின் குடும்பங்கள்தான் 'மூளை சிப்' பற்றி விசாரிக்கின்றன. தசைகளைச் செயலிழக்கச் செய்யும் ஏஎல்எஸ் நோயால் பேச்சு பிறருக்குப் புரியாமல் போன ஒருவருக்கு, 2023 ஜூலையில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக மருத்துவர்கள் மூளையில் 256 மின்முனைகளைப் பதித்தார்கள். அவர் பேச முயன்றது திரையில் சொற்களாக வந்தது, 97 சதவீதம் சரியாக. பெரிய சாதனைதான். ஆனால் அது ஆங்கிலத்தில் நடந்த ஆராய்ச்சி. விற்பனைக்கு வந்த சிகிச்சை அல்ல. 'இத்தனை லட்சம் கட்டுங்கள், பேச வைக்கிறோம்' என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். ஆராய்ச்சிச் செலவை நோயாளி தலையில் கட்டக் கூடாது என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) நெறிமுறை.

முறையான சோதனையென்றால் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் மருத்துவச் சோதனைகளின் தேசியப் பதிவேடான சிடிஆர்ஐ-யின் பதிவு எண்ணும் இருக்கும். எண்ணை வாங்கி இணையத்தில் நீங்களே சரிபார்க்கலாம். நிறுவனம் நடத்தும் புதுக் கருவிச் சோதனைக்கு மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதியும் வேண்டும். சோதனையால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் 2017 மருத்துவக் கருவி விதிகள் தரும் உரிமை.

சம்மதப் படிவத்தில் கையெழுத்து யார் போடுவது? அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில் 2009-ல் நடந்த எச்பிவி தடுப்பூசித் திட்டத்தில், சிறுமிகளின் பெற்றோருக்குப் பதில் விடுதிக் காப்பாளர்கள் கையெழுத்திட்டதை நாடாளுமன்றக் குழு கண்டித்தது. படுக்கையில் இருப்பவர் விஷயத்திலும் அதே ஆபத்து உண்டு. கண் அசைந்தால் போதும், அவரையே கேட்கலாம். அட்டையில் எழுத்துகளை வரிசையாக எழுதி, 'க வரிசையா, ச வரிசையா?' என்று கேட்டுக்கொண்டே போனால், வேண்டிய இடத்தில் அவர் கண்ணை மேலே தூக்குவார். மெதுவான வேலை, அவசரப்படுத்துபவரை நம்பாதீர்கள். நீதிமன்றத்தில்கூட அவர் விரும்பும் தொடர்பு முறையில் வாக்குமூலம் பதிய வசதி செய்ய வேண்டும் என்கிறது 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 12-வது பிரிவு. மருத்துவமனை அவரிடம் கேட்க மறுத்தால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் முறையிடலாம்.

கருவியை யார் பராமரிப்பார், யார் எடுப்பார் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். விழித்திரைக் கருவி செய்த செகண்ட் சைட் நிறுவனம் 2020-ல் திவாலாகும் நிலைக்கு வந்தபோது, அதைப் பொருத்திக்கொண்டவர்கள் பழுதுபார்க்க ஆளின்றித் தவித்தார்கள். மூளைப் பதிவுகள் யார் கையில் இருக்கும் என்றும் கேளுங்கள். எப்போது வேண்டுமானாலும் சோதனையிலிருந்து விலகலாம். புகார் சொல்ல நெறிமுறைக் குழுவின் தொடர்பு விவரம் சம்மதப் படிவத்திலேயே இருக்க வேண்டும், இல்லையென்றால் கையெழுத்திடாதீர்கள்.