மழை கரைக்கும் பொட்டாஷ், மாத்திரை கரைக்கும் பொட்டாசியம்

குன்னூரிலோ கோத்தகிரியிலோ ஒரு தேயிலைத் தோட்டத்தின் உரக் கிடங்குக்குள் போனால் பொட்டாஷ் மூட்டைகள் அடுக்கி இருக்கும். அதன் வேதிப்பெயர் பொட்டாசியம் குளோரைடு. கடைவீதி மருந்துக்கடையில், இரத்த அழுத்தத்துக்கும் கால் வீக்கத்துக்கும் நீர் மாத்திரை சாப்பிடுபவர்களுக்காகச் சீட்டில் எழுதிக் கொடுக்கும் சிரப்பிலும் இருப்பது பொட்டாசியம் குளோரைடுதான். உரமாக வருவது மருந்துத் தரத்துக்குச் சுத்திகரிக்கப்படாதது. அதை யாரும் வாயில் வைக்கக் கூடாது. ஆனால் சேர்மம் ஒன்றே. இரண்டு இடங்களிலும் அது தேவைப்படும் காரணமும் ஏறத்தாழ ஒன்றே. நீலகிரியின் புளிப்பு மண்ணில் பெய்யும் மழை பொட்டாசியத்தைக் கரைத்துக் கீழே கொண்டுபோய்விடுகிறது. பறித்த கொழுந்தோடும் கொஞ்சம் போகிறது. போனதைத் திருப்பி வைக்கவே பொட்டாஷ். நீர் மாத்திரை உடம்புக்குள் அந்த மழையின் வேலையைச் செய்கிறது.

எப்படி என்று பார்க்கச் சிறுநீரகத்துக்குள் போக வேண்டும். நம் சிறுநீரகங்கள் ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் நீரை வடிகட்டுகின்றன. அதில் ஒன்றரை லிட்டர் அளவே சிறுநீராக வெளியேறுகிறது. மற்றதெல்லாம் நுண்குழாய்கள் வழியே போகும்போது திரும்ப உறிஞ்சப்படுகிறது. சோடியம் எங்கே போகிறதோ அங்கே நீரும் போகும். நீர் மாத்திரைகள் இந்த உறிஞ்சலைத் தடுக்கின்றன. ஃபுரோசிமைடு குழாயின் நடுவிலுள்ள வளைவில் தடுக்கிறது. ஹைட்ரோகுளோரோதயசைடும் குளோர்தாலிடோனும் இன்னும் சற்றுத் தள்ளித் தடுக்கின்றன. தடுக்கப்பட்ட சோடியம் குழாயின் கடைசிப் பகுதிக்கு மொத்தமாக வந்து சேர்கிறது. அந்தக் கடைசிப் பகுதி ஒரு பரிமாற்றம் செய்கிறது: சோடியத்தை உள்ளே வாங்கி, பொட்டாசியத்தை வெளியே விடுகிறது. எவ்வளவு சோடியம் வந்து சேர்கிறதோ அவ்வளவுக்குப் பொட்டாசியம் போகும்.

இதிலிருந்து ஓர் உண்மை பிறக்கிறது. இது நோயாளிகளிடம் போதுமான அளவு சொல்லப்படுவதில்லை என்பது என் கருத்து. நீர் மாத்திரை சாப்பிடுபவர் ஊறுகாய், கருவாடு, அப்பளம் என்று உப்பைக் கூட்டினால் வீக்கம் குறையாது என்பதோடு முடிவதில்லை; பொட்டாசியமும் கூடுதலாகப் போகும். மலைக்குளிரில் காரமும் உப்பும் தூக்கலாக இருக்கும் சாப்பாடு நாக்குக்கு இதமானதுதான். ஆனால் உப்பைக் குறைப்பதே பொட்டாசியத்தைக் காப்பாற்றும் முதல் மருந்து. அதற்குச் சீட்டும் வேண்டாம், செலவும் இல்லை.

வளர்ந்த ஒருவர் உடம்பில் ஏறத்தாழ 140 கிராம் பொட்டாசியம் இருக்கிறது. அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு பங்கு செல்களுக்குள்ளேதான். இரத்தத்தில் நாம் அளப்பது மிஞ்சிய சிறு பங்கை. லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இருந்தால் சரி. 3.5-க்குக் கீழே போகும்போது இரவில் கெண்டைக்கால் பிடித்து இழுக்கலாம், மலச்சிக்கல் வரலாம், மேட்டில் ஏறும்போது தொடைகள் வலுவிழக்கலாம். பலருக்கு எந்த அறிகுறியும் தெரியாது. 2.5-க்குக் கீழே போனால் தசைகள் செயலிழக்கலாம், இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். இதயத்துக்காக டிகாக்சின் சாப்பிடுபவர்களுக்கு லேசான குறைவே ஆபத்து.

அப்படியானால் வாழைப்பழம் சாப்பிட்டால் போதாதா? பெரும்பாலோர் கேட்கும் கேள்வி இது. 100 கிராம் வாழைப்பழத்தில் சுமார் 360 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கிறது. மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கும் ஊட்டி உருளைக்கிழங்கில் 100 கிராமுக்கு 400 மில்லிகிராமைத் தாண்டும்; தோல் சீவி, நறுக்கி, வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டால் அதில் கணிசமான பங்கு தண்ணீரோடு போய்விடும். இளநீர், கீரை, பயறு, அவரை எல்லாமே நல்ல ஊற்றுகள். குறைவு வராமல் தடுக்க உணவு உதவும். வந்துவிட்ட குறைவை உணவால் மட்டும் சரிக்கட்டுவது கடினம். இரத்த அளவு ஒரு மில்லிமோல் இறங்கியிருந்தால் உடம்பு முழுவதிலும் 200 முதல் 400 மில்லிமோல் வரை போயிருக்கும்; கிராமில் சொன்னால் 8 முதல் 16. இன்னொன்றும் உண்டு. நீர் மாத்திரையால் பொட்டாசியத்தோடு குளோரைடும் போகிறது. பழத்திலும் கிழங்கிலும் இருக்கும் பொட்டாசியம் பெரும்பாலும் கரிம அமிலங்களோடு சேர்ந்தது. குளோரைடு அதில் குறைவு. குளோரைடு இல்லாமல் கொடுக்கும் பொட்டாசியம் சிறுநீரிலேயே மறுபடி நழுவிவிடும். அதனால்தான் மருந்தாகக் குளோரைடு உப்பையே தருகிறார்கள்.

நம் ஊரில் பரவலாகக் கிடைக்கும் சிரப்பில் 15 மில்லிலிட்டரில் 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, அதாவது 20 மில்லிமோல் இருக்கும். இரண்டு பெரிய வாழைப்பழத்தின் அளவு அது. சுவை கசப்பும் கரிப்புமாக இருக்கும். தண்ணீர் கலக்காமல் குடித்தால் வயிறு எரியும். சாப்பிட்ட பிறகு, ஒரு டம்ளர் தண்ணீரில் கலந்து, மெதுவாகக் குடிக்க வேண்டும். மாத்திரை வடிவத்தை உடைக்காமல், மெல்லாமல் முழுதாக விழுங்க வேண்டும். விழுங்கியவுடன் படுக்கக் கூடாது, உணவுக்குழாயில் தங்கிப் புண்ணாக்கிவிடும். 1960-களில் நீர் மருந்தோடு சேர்த்து, குடலில் கரையும் பூச்சுப் பூசி விற்கப்பட்ட பொட்டாசியம் மாத்திரைகள் சிறுகுடலில் ஒரே இடத்தில் கரைந்து புண்ணையும் அடைப்பையும் உண்டாக்கின. மெல்ல மெல்லக் கரையும் மாத்திரைகள் பிறகு வந்ததற்கு அந்தப் பாடம் ஒரு காரணம். சிரப்பு கொடுத்தும் அளவு ஏறவில்லை என்றால் மெக்னீசியத்தைப் பார்க்க வேண்டும். அது குறைந்திருக்கும்வரை சிறுநீரகம் பொட்டாசியத்தைப் பிடித்து வைக்காது. நீர் மாத்திரை மெக்னீசியத்தையும் சேர்த்தே கரைக்கிறது.

பொட்டாசியத்தைக் கரைக்காத நீர் மாத்திரைகளும் இருக்கின்றன. ஸ்பைரனோலாக்டோனும் அமிலோரைடும் அந்தக் கடைசிப் பரிமாற்றத்தையே நிறுத்திப் பொட்டாசியத்தை உள்ளே தக்கவைக்கின்றன. நீர் மாத்திரையே அல்லாத டெல்மிசார்டான், எனலாப்ரில் போன்ற அழுத்த மாத்திரைகளும் பொட்டாசியத்தை ஏற்றுகின்றன. இவற்றைச் சாப்பிடுபவர், அதிலும் சிறுநீரகம் பழுதானவர், பக்கத்து வீட்டு அண்ணனுக்கு நன்றாக இருந்ததே என்று அதே சிரப்பை வாங்கிக் குடித்தால் இதயம் நின்றுபோகக் கூடும். 6-ஐத் தாண்டிய பொட்டாசியம் பல நேரங்களில் எச்சரிக்கை கொடுக்காமல் தாக்கும். கால் இழுக்கிறது என்று சொன்னதுமே சிரப்பை எடுத்து நீட்டும் கடைகளையும், அதைக் கேட்டு வாங்கும் நம் பழக்கத்தையும் நான் பயத்தோடுதான் பார்க்கிறேன். தான் சாப்பிடும் நீர் மாத்திரை எந்த வகை என்று ஒவ்வொருவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

அதைத் தெரிந்துகொண்டாலும் அளவு இரத்தப் பரிசோதனையில்தான் தெரியும். இங்கேதான் நீலகிரியின் குளிர் குறுக்கே வருகிறது. செல்லுக்குள் பொட்டாசியத்தைத் தக்கவைப்பது செல்சவ்விலுள்ள ஒரு பம்ப். குளிரில் அந்தப் பம்ப் மந்தமாகும். கையிலிருந்து எடுத்த இரத்தத்தைச் சீரமாகப் பிரிக்காமல் குளிரில் சில மணி நேரம் வைத்திருந்தால், இரத்தச் செல்களிலிருந்து பொட்டாசியம் கசிந்து வெளியே வந்துவிடும். ஆய்வகம் அதை நோயாளியின் அளவு என்று எண்ணி உயர்வாகக் காட்டும். குளிர்காலத்தில் இப்படிப் பொய்யாக உயர்ந்த பொட்டாசியம் இங்கிலாந்தில் பொது மருத்துவர்களிடமிருந்து அனுப்பப்பட்ட மாதிரிகளில் பதிவாகியிருக்கிறது. தை மாதம் உறைபனி விழும் தலைக்குந்தாவிலோ, வெகுதூரத்துத் தோட்டத் தொழிலாளர் லைன் வீடுகளிலோ காலையில் எடுத்த இரத்தம், பஸ்ஸில் மலைச்சாலை சுற்றி ஆய்வகம் போய்ச் சேர எவ்வளவு நேரமாகும்? உண்மையில் 3 இருப்பவருக்கு 4 என்று தாளில் வந்தால், குறைவே தெரியாமல் போய்விடும். ஐஸ் பெட்டியில் வைத்து அனுப்புவது பத்திரம் என்ற எண்ணம் பொட்டாசியத்தைப் பொறுத்தவரை தவறு. இரத்தம் எடுக்கும்போது கையை இறுக்கி மூடி மூடித் திறப்பதும் அளவை ஏற்றிக் காட்டும்.

2025 ஏப்ரலில் உதகையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் 700 படுக்கைக் கட்டடம் திறக்கப்பட்டது. ஊட்டிக்காரர்களுக்கு அது பக்கம். கூடலூர், பந்தலூர்ப் பகுதியிலிருந்து வருபவர்களுக்கு மலைச்சாலை அப்படியேதான் இருக்கிறது. நீர் மாத்திரை தொடங்கி ஓரிரு வாரத்தில் ஒரு முறை, அளவை மாற்றும்போதெல்லாம் ஒரு முறை, வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்தால் உடனே, பரிசோதிக்கும் இடத்துக்கே போய் இரத்தம் கொடுப்பது மேல். வாந்தி, பேதி நாட்களில் மாத்திரையைத் தொடரலாமா என்று மருத்துவரைக் கேட்டுவிட்டுச் சாப்பிட வேண்டும்.

கடையில் இன்னொரு பொருளும் இதே பொட்டாசியத்தோடு வந்துவிட்டது: சோடியம் குறைந்த உப்பு. சோடியம் குளோரைடின் ஒரு பகுதிக்குப் பதிலாகப் பொட்டாசியம் குளோரைடு கலந்தது. 2025 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம், வீட்டுச் சமையலில் சாதாரண உப்புக்குப் பதிலாக இதைப் பயன்படுத்தலாம் என்று வளர்ந்தவர்களுக்குப் பரிந்துரைத்தது. கர்ப்பிணிகள், குழந்தைகள், சிறுநீரகக் குறைபாடு உடையோர் ஆகியோரை அதில் சேர்க்கவில்லை. ஹைட்ரோகுளோரோதயசைடு போன்ற மாத்திரை மட்டும் சாப்பிடும், சிறுநீரகம் நன்றாக உள்ள ஒருவருக்கு அந்த உப்பு பெரும்பாலும் நன்மையே. அதே வீட்டில் ஸ்பைரனோலாக்டோன் சாப்பிடும் தாத்தா இருந்தால், பொதுக் குழம்பில் அதைப் போடும்முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள வேண்டும்.