ஓமின் விதியும் அதன் நிபந்தனையும்

மின்னியலைப் பயிலத் தொடங்கும் மாணவன் முதன்முதல் மனனஞ் செய்வது, அழுத்த வேறுபாட்டை மின்னோட்டத்தால் வகுக்க வருவது தடை என்னும் வாய்பாடேயாம். இதனையே ஓமின் விதியெனக் கொள்வாரும் உளர். அது பொருந்தாது. அவ்வாய்பாடு தடை என்னுஞ் சொல்லுக்குரிய வரைவிலக்கணம் மாத்திரமே. வெப்பநிலை முதலிய பௌதிக நிலைமைகள் மாறாதிருக்கையில், உலோகக் கடத்தியொன்றின் தடை, பிரயோகிக்கப்படும் அழுத்தம் கூடினும் குறையினும் ஒரே அளவினதாய் நிற்கும் என்பதே விதி.

இவ்வுண்மை எளிதிற் கிட்டியதன்று. ஜேர்மனியிலே பூட்டுத் தொழிலாளி ஒருவரின் மகனாக 1789 இற் பிறந்த ஜோர்ஜ் சைமன் ஓம், கோலோன் நகரில் ஆசிரியராயிருந்த காலத்தில் இவ்வாராய்ச்சியில் ஈடுபட்டார். வோல்ற்றாவின் கலங்களைக் கொண்டு 1825 இல் அவர் வெளியிட்ட முடிவு பிழையாயிற்று. சுற்றை மூடியவுடனே அக்கலங்களின் வலு தளரத் தொடங்கும். அளவுகோலே சுருங்கிக்கொண்டிருக்க நீளத்தை அளத்தல் எங்ஙனம்? பொகெண்டோர்ஃப் என்பார் கூறிய யோசனைப்படி, 1821 இல் சீபெக் கண்டறிந்த வெப்பமின் விளைவை ஓம் துணைக்கொண்டார். செம்பும் பிசுமதும் இணையும் இரு சந்திகளுள் ஒன்றைக் கொதிநீரின் வெப்பநிலையிலும் மற்றதைப் பனிக்கட்டியின் வெப்பநிலையிலும் வைக்கவே, மின்னியக்கவிசை தளராது நின்றது. பின்னர் 2 அங்குலம் முதல் 130 அங்குலம் வரை நீளமுள்ள 8 செப்புக் கம்பிகளை ஒவ்வொன்றாகச் சுற்றிற் புகுத்தி, விலகிய காந்தவூசியைப் பழைய நிலைக்கு மீட்க வேண்டிய முறுக்கினால் ஓட்டத்தை அளந்தார். கம்பியின் நீளத்தோடு மாறாத் தொகையொன்றைக் கூட்டினால், ஓட்டம் அக்கூட்டுத்தொகைக்கு நேர்மாறு விகிதமாதல் 1826 இற் புலனாயிற்று. அம்மாறாத் தொகை சுற்றின் ஏனைய பகுதியின் தடையேயாம். இக்கண்டுபிடிப்பைத் தாய்நாடு நெடுநாள் பொருட்படுத்தவில்லை. இலண்டன் ரோயல் சங்கமே 1841 இற் கொப்பிளிப் பதக்கம் அளித்து அவரைக் கௌரவித்தது.

விதியின் நிபந்தனையை மறப்பதால் வரும் மயக்கத்திற்கு இழைவிளக்கு நல்ல சான்று. 230 வோல்ற்றில் ஒளிரும் 60 உவாற்று விளக்கில் ஏறத்தாழ 0.26 அம்பியர் பாயும். அப்போது அதன் தடை ஏறக்குறைய 880 ஓம். அதே விளக்கைக் குளிர்ந்த நிலையில் அளந்தால் 100 ஓமும் தேறாது. தங்குதன் இழை சூடேற ஏறத் தடையும் பன்மடங்காகின்றது. ஈண்டு விதி பொய்த்ததன்று. வெப்பநிலை மாறாமை என்னும் நிபந்தனையே நீங்கிற்று. (வெப்பநிலை மாறாதபோதும் விதிக்கு அடங்காத குறைகடத்தி இருவாயி வேறு இனத்தது.) இழைவிளக்குகள் பெரும்பாலும் ஆளியை இட்ட கணத்திலேயே அறுந்துபோதலும் இதனாலேதான். அக்கணத்தில் இழை குளிர்ந்திருத்தலின் வழமையினும் பன்மடங்கு ஓட்டம் பாய்கின்றது. நாட்பட்டு மெலிந்த இடமொன்று இருப்பின், அதுவே முதலில் மிகச் சூடேறி உருகும்.